சோயா விழுது நூடில்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக் குசினியில் ஒரே நாளில் இரண்டு நாட்டு நூடில்ஸைச் சமைத்து, ஆறு பேராக இருந்து ருசி பார்த்ததைச் சுருக்கமாக எழுதியிருந்தேன். ஒன்று, கறுத்த சோயா விழுதில் செய்யப்படும் கொரியாவின் ஜாஜாங்மியொன். மற்றது, மஞ்சள் சோயா விழுதில் செய்யப்படும் பெய்ஜிங்கின் ஜாஜியாங்மியன். இரண்டு விழுதுகளையும் தென்கொரியாவில் வேலை முடித்துத் திரும்பிய என் பெறாமகன் கொண்டுவந்திருந்தான். அந்தக் குறிப்பை வாசித்துவிட்டு வன்னியின் பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். வேலைக்காகக் கொரியாவுக்குப் போன பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்தே கூடுதலான கடிதங்கள் வந்திருப்பதால், இவ்விதழின் பகுதியை முழுவதுமாக இந்த நூடில்ஸுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: கொரியாவில் இருக்கும் மகன் அனுப்பிய பொதியில் ஒரு கறுத்த விழுது இருந்தது. சம்பலைப் போல அதை அப்படியே அவித்த நூடில்ஸில் பிரட்டி உண்டோம். கசப்பும் உப்பும் தாங்க முடியவில்லை. விழுது பழுதாகிவிட்டதா, அல்லது நான் ஏதும் பிழை விட்டேனா? (வாசகி, மல்லாவி)

பதில்: விழுது பழுதாகவில்லை, அம்மா. உங்களுக்கு வந்தது சுன்ஜாங் எனப்படும் விழுது. அதை எண்ணெயில் பொரிக்காமல் இந்த உணவுக்குப் பயன்படுத்துவதில்லை. சோயா அவரையின் புரதம் நொதிக்கும்போது சிறு துண்டுகளாக உடைகிறது. அவற்றுள் சில சுவையைத் தருகின்றன, வேறு சில கசக்கின்றன. அந்தக் கசப்பும் பச்சை வாசனையும் எண்ணெயின் சூட்டில்தான் அடங்குகின்றன. கறித்தூளை வறுக்காமலும் கொதிக்க விடாமலும் சோற்றில் தூவி உண்டால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அதுவே.

நாலு பேருக்கு நாலு மேசைக்கரண்டி விழுது போதும். தாச்சியில் அதே அளவோ சற்றுக் கூடுதலாகவோ எண்ணெய் விட்டு, மெல்லிய நெருப்பில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை, அகப்பையை நிறுத்தாமல் கிளறிப் பொரியுங்கள். முதலில் விழுது எண்ணெயோடு சேராமல் கட்டியாகச் சுற்றிக்கொண்டிருக்கும், பிறகு மெல்ல இளகி, ஓரங்களில் சிறு குமிழிகள் எழும்பி, வறுத்த வாசனை வரும். அந்த வேளையில் இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் கருகிய கசப்பு ஏறிவிடும், அதைச் சீனி போட்டும் திருத்த முடியாது. பொரித்த விழுதை எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சிய எண்ணெயிலேயே இறைச்சித் துண்டுகளை வதக்கி, பெரிய சதுரங்களாக வெட்டிய பம்பாய் வெங்காயம் மூன்றையும், உருளைக்கிழங்கையும், கோவாவையும் சேருங்கள். வெங்காயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், ஏனெனில் இந்தக் கறியின் இனிப்பில் பாதி அதிலிருந்தே வருகிறது. மரக்கறி பாதி வெந்ததும் விழுதையும் ஒரு தேக்கரண்டி சீனியையும் ஒன்றரைக் கோப்பைத் தண்ணீரையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, கிழங்கு வெந்தபின், தண்ணீரில் கரைத்த சோள மாவைச் சிறிது சிறிதாக ஊற்றித் தடிக்கச் செய்யுங்கள். சோள மா இல்லாவிட்டால் மரவள்ளி மாவும் அதே வேலையைச் செய்யும். உப்புப் போட வேண்டாம். விழுதில் இருக்கும் உப்பே போதும்.

மிஞ்சிய விழுது இன்னும் இருக்குமானால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். பிள்ளை தூரத்திலிருந்து அனுப்பிய பொருள் இப்படி வீணாகக்கூடாது என்பதற்காகவே இந்தப் பதிலை முதலில் வைத்தேன்.

கேள்வி: ஜாஜாங்மியொன், ஜாஜியாங்மியன் என்று பெயர்கள் ஒலியில் ஒன்றுபோல இருக்கின்றனவே. இரண்டும் ஒரே உணவா? அப்படியானால் எது அசல்? (வாசகர், பரந்தன்)

பதில்: சீன மொழியில் 'ஜா' என்பது எண்ணெயில் பொரித்தல், 'ஜியாங்' என்பது நொதிக்கவைத்த விழுது, 'மியன்' என்பது கோதுமை நூடில்ஸ். ஆக, பெயரே செய்முறையைச் சொல்கிறது. அந்தப் பெயர்தான் கொரிய நாவில் திரிந்து ஜாஜாங்மியொன் ஆகியது. பெயருக்கு இருக்கும் உறவு உணவுக்கும் உண்டு. ஆனால் கடல் கடந்த உறவு.

மஞ்சள் கடலின் ஒரு கரையில் சீனாவின் ஷாண்டோங் மாகாணமும், மறு கரையில் கொரியாவின் இன்சியோன் துறைமுகமும் இருக்கின்றன. 1883 இல் இன்சியோன் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டதும், ஷாண்டோங்கிலிருந்து வணிகரும் துறைமுகக் கூலியாட்களும் அங்கு வந்து குடியேறினார்கள். தங்கள் ஊரில் உண்ட பொரித்த விழுது நூடில்ஸை அவர்கள் அங்கும் சமைத்தார்கள். அவர்கள் வாழ்ந்த சீனத் தெருவில் கொங்ஹ்வாசுன் என்ற பழைய உணவகக் கட்டடம் இன்னமும் நிற்கிறது. 2012 முதல் அது ஜாஜாங்மியொன் அருங்காட்சியகமாக இயங்குகிறது. ஒரு நூடில்ஸுக்கு ஒரு நாடு அருங்காட்சியகம் வைத்திருக்கிறது என்பதிலிருந்தே அந்த மக்கள் அதை எவ்வளவு நேசிக்கிறார்கள் என்று விளங்கும்.

ஆனால் அருங்காட்சியகத்தில் போற்றப்படுவது ஷாண்டோங்கிலிருந்து வந்த அதே உணவு அல்ல. 1940களின் இறுதியில் கொரியாவிலிருந்த சீன உற்பத்தியாளர்கள் விழுதில் கருக்கிய சீனிப் பாகைச் சேர்த்து, அதைக் கறுப்பாகவும் இனிப்பாகவும் ஆக்கினார்கள். 1950 முதல் 1953 வரை நடந்த போருக்குப் பின்னர், அரிசி தட்டுப்பாடாக இருந்த கொரியாவுக்கு அமெரிக்க உதவியாகக் கோதுமை மா பெருமளவில் வந்தது. 1960களிலும் 70களிலும் அரிசியைக் குறைத்து மாவுணவை உண்ணும்படி அரசாங்கமே மக்களை ஊக்குவித்தது. மா மலிவாகக் கிடைத்த அந்தக் காலத்தில்தான், வெங்காயமும் கிழங்கும் கூட்டி, மாக்கரைசலால் தடிப்பாக்கி, கொஞ்ச இறைச்சியில் நிறையப் பேர் பசியாறும் உணவாக ஜாஜாங்மியொன் நாடெங்கும் பரவியது. நிவாரண மாவில் ரொட்டி சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த எம்மவர்களுக்கு இதை நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

எனவே எது அசல் என்று கேட்டால், பெய்ஜிங்கில் உண்பது பெய்ஜிங்கின் அசல், இன்சியோனில் உண்பது இன்சியோனின் அசல் என்பதே என் உறுதியான கருத்து. ஒன்றை மற்றதன் போலி என்று சொல்பவர்கள் இரண்டையும் அருகருகே வைத்து உண்ணாதவர்கள்.

கேள்வி: நீங்கள் ஆறு பேரும் ருசி பார்த்தபோது உண்மையில் என்ன வேறுபாட்டைக் கண்டீர்கள்? 'நன்றாக இருந்தது' என்று மட்டும் எழுதியிருந்தீர்கள்; அது போதவில்லை. (வாசகர், வவுனியா)

பதில்: நியாயமான குறை. இம்முறை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். கொரிய நூடில்ஸின் மேல் ஊற்றிய சோஸ், விளக்கு வெளிச்சம் பட்டு மினுங்கும் அளவுக்குக் கறுப்பாகவும் பளபளப்பாகவும் இருந்தது. சின்னம்மா அதைக் கண்டவுடன், "இது உழுத்தம்மாக் களி மாதிரியெல்லோ கிடக்குது" என்றார். பனங்கட்டி போட்டுக் கிண்டி, நல்லெண்ணெய் கக்கி நிற்கும் களியின் நிறமும் மினுக்கமும் அப்படியே அதில் இருந்தன. பெய்ஜிங் கிண்ணத்திலோ சோஸ் ஒரு ஓரத்தில் இரண்டு கரண்டி அளவு மட்டுமே, கபில நிறத்தில், எண்ணெய் மிதக்க, கரடுமுரடாகக் கிடந்தது. சுற்றிவர மெல்லியதாக அரிந்த வெள்ளரிக்காயும் முள்ளங்கியும் அவித்த பயற்றம் முளையும் தனித்தனிக் குவியல்களாக இருந்தன. "இவ்வளவு சோஸ் எப்படிக் காணும்?" என்று அத்தான் கேட்டார். ஒரு வாய் உண்டபின் அந்தக் கேள்வி திரும்ப வரவில்லை.

கொரிய நூடில்ஸில் முதலில் நாக்கில் படுவது இனிப்பு. உறைப்பையும் புளிப்பையும் எதிர்பார்த்து வாயைத் திறக்கும் எங்களுக்கு அது ஒரு திடுக்கீடாகவே இருந்தது. பக்கத்து வீட்டு ஆசிரியை இரண்டாவது வாயில்தான் அதன் அடியில் இருக்கும் ஆழத்தைக் கண்டதாகச் சொன்னார்: வறுத்த வாசனை, அதற்குப் பின்னால் மெல்லிய கசப்பு, கடைசியில் தொண்டையில் தங்கி நிற்கும் ஒரு சாரம். அந்தச் சாரத்துக்கு ஜப்பானிய அறிஞர் கிகுனே இகெடா 1908 இல் உமாமி என்று பெயரிட்டார். குளுட்டமிக் அமிலம் என்ற பொருளே அதற்குக் காரணம் என்று கண்டவரும் அவரே. நமக்கு அந்தச் சுவை புதிதல்ல. மாசிச் சம்பலிலும், கருவாட்டுக் குழம்பிலும், கூழுக்குள் போடும் காய்ந்த இறாலிலும் நாம் தேடுவது அதைத்தான். கடலிலிருந்து நாம் எடுக்கும் அந்தச் சுவையை அவர்கள் அவரையிலிருந்து எடுக்கிறார்கள்.

தடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாக்கரைசல் சேர்ந்த கொரிய சோஸ், ஒடியற்கூழைப் போல நூடில்ஸைப் பற்றிக்கொண்டு, கிண்ணத்தின் அடிவரை சூட்டை விடாமல் வைத்திருக்கிறது. ஆனால் ஆறத் தொடங்கியதும் நீர்த்துப்போகவும் கூடும். ஆகவே கதைத்துக்கொண்டிருக்காமல் கலந்தவுடன் உண்ண வேண்டும். மாக்கரைசலும் தண்ணீரும் இல்லாமல் அப்போதே வதக்கித் தனிக் கிண்ணத்தில் கொடுக்கும் கன்ஜாஜாங் என்ற வகையும் கொரிய உணவகங்களில் உண்டு. அதில் வெங்காயம் நறுக்கென்று கடிபடும், சுவையும் சற்றுக் கூர்மையானது.

பெய்ஜிங் நூடில்ஸில் இனிப்பு பின்னுக்குப் போய், உப்பும் நொதித்த வாசனையும் முன்னுக்கு வருகின்றன. அங்கே விழுதைத் தண்ணீரில் இளக்கி, கொழுப்புள்ள இறைச்சித் துண்டுகளோடு மெல்லிய நெருப்பில் எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை பொறுமையாக வற்றவிடுகிறார்கள். கறி வற்றிவிட்டது என்பதற்கு நாம் பார்க்கும் அடையாளமும் அதுவேயல்லவா? அந்தக் கனமான சோஸைப் பச்சை வெள்ளரிக்காயின் குளிர்ச்சி ஒவ்வொரு வாயிலும் கழுவி விடுகிறது. கோடையில் அவித்த நூடில்ஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி எடுத்து இப்படி உண்பது அங்கு வழக்கம். சித்திரை வெயிலில் வன்னியில் மத்தியானம் உண்பதற்கு இதைவிடப் பொருத்தமான நூடில்ஸ் எனக்குத் தெரியவில்லை.

முடிவில் பெறாமகனும் அக்காவும் அத்தானும் கொரிய நூடில்ஸை விரும்பினார்கள். சின்னம்மாவும் ஆசிரியையும் பெய்ஜிங் நூடில்ஸின் பக்கம் நின்றார்கள். என்னைக் கேட்டால், முதல் மூன்று வாய்க்குக் கொரிய நூடில்ஸும், கிண்ணம் முடியும்வரை உண்பதற்குப் பெய்ஜிங் நூடில்ஸும் என்பேன். இனிப்பு விரைவில் திகட்டுகிறது. அதற்காகவே கொரியர் மஞ்சள் நிற முள்ளங்கி ஊறுகாயான தன்முஜியையும் பச்சை வெங்காயத்தையும் பக்கத்தில் வைத்து உண்கிறார்கள். அன்று எங்களிடம் தன்முஜி இருக்கவில்லை. வினாகிரியில் ஊறிய முள்ளங்கித் துண்டுகளை வைத்தபோது, அக்கா இரண்டாவது கிண்ணமும் உண்டார்.

கேள்வி: இவ்வளவு கறுப்பான உணவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. சாயம் போடுகிறார்களா? (வாசகி, விசுவமடு)

பதில்: சுன்ஜாங்கின் கறுப்பு பெரும்பாலும் மேலே சொன்ன கருக்கிய சீனிப் பாகின் நிறமே. அந்த நிறப்பொருள் உலகெங்கும் சோயா சோஸிலும் குளிர்பானங்களிலும் அனுமதிக்கப்பட்டுப் பயன்படுவது. நிறத்துக்கு அஞ்ச வேண்டாம். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது உப்பின் அளவையே கவனியுங்கள். சோயாவோ கோதுமையோ ஒவ்வாத பிள்ளையானால் மட்டும் முற்றாகத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் இவ்விழுதில் இரண்டும் இருக்கின்றன.

கேள்வி: உழுந்தும் பயறும் விளையும் மண் நம்முடையது. சோயாவையும் வாங்கலாம். இந்த விழுதை வீட்டிலேயே செய்ய முடியாதா? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். இவ்விழுதுக்கு அவித்த சோயாவிலும் கோதுமை மாவிலும் அஸ்பேர்ஜிலஸ் ஒறைசே என்ற குறிப்பிட்ட பூஞ்சணத்தை வளர்க்கிறார்கள். அது மாச்சத்தைச் சீனியாகவும் புரதத்தை அமினோ அமிலங்களாகவும் உடைத்துத் தருகிறது. பின்னர் உப்புச் சேர்த்து மாதக் கணக்கில் முதிரவிடுகிறார்கள். தோசை மாவைப் புளிக்கவைப்பதைப் போல இரவோடு இரவாக முடியும் வேலை அல்ல இது. தானாகப் படியும் பூஞ்சணத்தை நம்பி வீட்டில் செய்தால், அதே குடும்பத்தைச் சேர்ந்த நச்சுப் பூஞ்சணமும் வளரக்கூடும். ஈரம் பட்ட கச்சானிலும் சோளத்திலும் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்குவது அந்தப் பூஞ்சணமே. அந்த நஞ்சு சமையல் சூட்டில் முற்றாக அழிவதுமில்லை.

இன்னொன்றையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். சோயா விழுது நூடில்ஸ் என்று பொதுவாகச் சொன்னாலும், சீனர்கள் இதற்குப் பயன்படுத்தும் இனிப்பு விழுதான தியன்மியன்ஜியாங் பெரும்பாலும் கோதுமை மாவிலிருந்தே செய்யப்படுகிறது. பெய்ஜிங் வீடுகளில் உப்பான மஞ்சள் சோயா விழுதோடு இதைச் சிறிது கலந்து பொரிப்பவர்கள் பலர். கடைப் பொதியில் இப்பெயரைக் கண்டால் அதில் சோயாவின் சுவையைத் தேடி ஏமாற வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி உண்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மச்சமே இல்லை. எங்களுக்கு இந்த உணவு எட்டாததா? (வாசகி, நெடுங்கேணி)

பதில்: எட்டும். இரு நாடுகளிலும் பன்றி இறைச்சியே வழக்கம் என்பது உண்மைதான்; அதன் கொழுப்பு சோஸுக்கு வழவழப்பைத் தருகிறது. கோழியின் தொடைப் பகுதியைத் தோலோடு சிறு துண்டுகளாக வெட்டி, அதன் கொழுப்பு உருகும்வரை வதக்கினால் அந்தக் குறை பெருமளவு நீங்கும். மரக்கறி உண்ணும் நாட்களில் காளானும், ஊறவைத்துப் பிழிந்த சோயா மீட்டும் நன்றாகப் பொருந்துகின்றன. சோயா மீட் இந்தச் சோஸில் கிடக்கும்போது, எமது தூள் போட்ட குழம்பில் கிடப்பதைவிடச் சுவையாக இருப்பதாகவே நான் உணர்ந்தேன். தேங்காய்ப் பாலும் கறித்தூளும் மட்டும் சேர்க்க வேண்டாம், அவை நொதித்த விழுதின் வாசனையை மூடிவிடும். உறைப்பு வேண்டுமானால் உண்ணும்போது மேலே மிளகாய்த்தூள் தூவுங்கள். கொரியரிலும் அப்படி உண்பவர்கள் இருக்கிறார்கள்.

பொதியில் வரும் உடனடி நூடில்ஸை வாங்குவோர், குறிப்பாக இஸ்லாமிய வாசகர்கள், உள்ளடக்கப் பட்டியலைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். தூளிலும் காய்ந்த துண்டுகளிலும் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கலாம். நொங்ஷிம் நிறுவனம் 1984 முதல் விற்கும் சபகெத்தி போன்ற பொதிகள் அந்தச் சுவையின் ஒரு நிழலைத் தரும். ஆனால் பொரித்த விழுதின் மணத்தைத் தூளில் எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: கடையில் கிடைக்கும் சாதாரண நூடில்ஸ் போதுமா? இடியப்பத்தில் ஊற்றி உண்ணலாமா? (வாசகர், மாங்குளம்)

பதில்: கடை நூடில்ஸில் தடித்த வகையைத் தெரிந்து, சற்று முன்னதாகவே இறக்கி, ஒட்டாமல் தண்ணீரில் அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். மெல்லிய நூடில்ஸ் இந்தச் சோஸின் பாரத்தைத் தாங்காது. கொரிய உணவகங்களில் மாவை இழுத்தோ இயந்திரத்தில் பிழிந்தோ செய்யும் நூடில்ஸ் தடிப்பாகவும் இழுவையாகவும் இருப்பதற்குக் காரணம் கோதுமையில் உள்ள பசைப்புரதம். அரிசி மா இடியப்பத்தில் அது இல்லை. கிளறும்போதே உடைந்து களியாகிவிடும். நானே ஒருமுறை செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: இடியப்பத்தைச் சொதிக்கும் சம்பலுக்குமே விட்டுவிடுவோம்.

கேள்வி: கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறேன். சிலர் ஜாஜாங்மியொன் என்கிறார்கள், சிலர் முதல் எழுத்தை அழுத்தி ஜ்ஜாஜாங்மியொன் என்கிறார்கள். எது சரி? (வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: இரண்டும் சரி. முன்பு அழுத்தாத வடிவம் மட்டுமே அகராதி வடிவமாக இருந்தது, ஆனால் மக்கள் பேச்சில் அழுத்திய வடிவமே நிலைத்திருந்தது. 2011 ஆகஸ்டில் கொரியத் தேசிய மொழி நிறுவனம் அழுத்திய வடிவத்தையும் ஏற்றுக்கொண்டது. வேலைக்குப் போனபின் உணவகத்தில் கேட்கும்போது அழுத்தியே சொல்லுங்கள். ஏப்ரல் 14 இல் அங்கே இருந்தீர்களானால், துணையில்லாத இளைஞர்கள் கூடி இதை உண்ணும் வழக்கத்தையும் காண்பீர்கள்.

கேள்வி: எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. ருசி பார்க்கலாமா? (வாசகர், செட்டிகுளம்)

பதில்: இவ்விழுதுகளில் உப்பு மிக அதிகம். முதலில் உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். அவர் அனுமதித்தால், சோஸைக் குறைத்து மரக்கறியைக் கூட்டி உண்ணும் பெய்ஜிங் முறையில், ஒரு சிறு கிண்ணம் மட்டும்.

கேள்வி: திறந்த விழுதை எப்படி வைப்பது? எங்கள் வீட்டில் குளிர்சாதனப்பெட்டி இல்லை. (வாசகி, துணுக்காய்)

பதில்: உப்பு மிகுந்திருப்பதால் உடனே பழுதாகாது, ஆனாலும் நமது வெப்பத்தில் வெளியே விட்டுவைப்பது நல்லதல்ல. ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் இறுக்கி நிரப்பி, மேல்மட்டத்தைத் தட்டையாக்கி, எப்போதும் காய்ந்த கரண்டியால் மட்டும் எடுங்கள். பூஞ்சணமோ வேண்டாத மணமோ தோன்றினால் மேற்பகுதியை மட்டும் அகற்றிவிட்டு உண்ண வேண்டாம், முழுவதையும் எறிந்துவிடுங்கள். குளிர்சாதனப்பெட்டி உள்ள அயலவர் இருந்தால் போத்தலை அங்கே வைத்துவிட்டு, சமைக்கும் நாளில் அவர்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள்.